லாரிக்கு ஸ்பேர் கிடைக்குது, லேப்டாப்புக்கு? - ஒரு சின்ன விசிறியின் வரலாறு



செமஸ்டர் முடிஞ்சு எழுதுற முதல் பதிவு. காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு விசிறி, ஹீட் பைப் எல்லாம் எதுக்குன்னு நண்பர்கள் கேட்கலாம். படிச்சு முடிச்சா தெரியும், இதுல பாதிக்கு மேல நம்ம பாடம்தான் :-) பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பக்கத்தில் (சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு) ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வருடம் ஓடிய லாரிக்கும் பாகம் கிடைக்கும். புதுசு வேண்டுமா, பழசு வேண்டுமா, கடைசல் போட்டு செய்தது வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். "இந்த மாடலுக்கு வராதுங்க" என்று சொல்லும் ஆளை நாமக்கல்லில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதே ஊரில் ஏழெட்டு வருடம் ஆன ஒரு லேப்டாப்பின் விசிறி நின்று போனால்? உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். எடை ஒரு சாக்லேட் அளவுகூட இருக்காது. அது கிடைக்காததால் முழு லேப்டாப்பும் பரண் மேல் போகிறது.

பத்து டன் வண்டிக்கு முடிவது ஒன்றரை கிலோ பெட்டிக்கு ஏன் முடியவில்லை? இதற்கு பதில் வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இந்த பதிவில் பார்க்கப் போகிறோம்.

சூடு வந்த கதை

கம்ப்யூட்டர் பிறந்த நாளிலிருந்தே சூடு கூடவே இருக்கிறது. 1946-ல் அமெரிக்காவில் மக்களுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள். எடை 30 டன். சுமார் 150 கிலோவாட் மின்சாரம் இழுத்தது. இழுத்த மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தானே வெளியே வர வேண்டும்? பெரிய பெரிய ஊதுவிசிறிகள் வைத்துத்தான் அதை ஓட்டினார்கள்.

டிரான்சிஸ்டர், அப்புறம் சில்லு என்று வந்தபோது சூடு குறைந்தது. விசிறியே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. அதில் முக்கியமானவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அவருக்கு விசிறியின் சத்தம் பிடிக்காது. 1977-ல் வந்த ஆப்பிள் 2-ல் விசிறி இல்லை, அது நன்றாகவே ஓடியது. 1980-ல் வந்த ஆப்பிள் 3-லும் விசிறி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். உள்ளே சூடு ஏறி சில்லுகள் சாக்கெட்டிலிருந்து கிளம்ப ஆரம்பித்தன. அதற்கு ஆப்பிள் நிறுவனமே சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை மேசையிலிருந்து சில அங்குலம் தூக்கி 'டொப்'பென்று கீழே போடுங்கள், சில்லு மறுபடி உட்கார்ந்துவிடும்! ஜோக் இல்லை, நிஜமாகவே நடந்தது. 1984-ல் ஆப்பிள் 3-ஐ நிறுத்தினார்கள். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யோ பவர் சப்ளைக்குள் ஒரு விசிறியை வைத்துக்கொண்டு சமர்த்தாக ஓடியது.

இன்றைய லேப்டாப் போல மூடித் திறக்கும் முதல் கணினிகளில் ஒன்று 1982-ல் வந்த கிரிட் காம்பஸ். விலை 8,150 டாலர். நாசா தன் விண்வெளி ஓடத்தில் பயன்படுத்திய கணினி அது. மெக்னீசியக் கலவையால் ஆன அதன் உறையே உள்ளிருந்த சூட்டை வெளியே கடத்தியது. அந்தக் கால சில்லுக்கு அது போதுமாக இருந்தது.

1993 மார்ச்சில் இன்டெல் பென்டியம் வந்தது. சில்லு மேலேயே அலுமினியத் தகடும் அதன் மேல் குட்டி விசிறியும் சாதாரண விஷயமானது இந்தக் காலகட்டத்தில்தான். 2000 நவம்பரில் பென்டியம் 4. அடுத்த வருடம் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் சில்லின் மேலிருந்த ஹீட் சிங்க்கை அப்படியே கழற்றி எடுத்தார்கள். ஏ.எம்.டி. அத்லான் சில்லு புகைந்து போனது. பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது.

இந்தக் கடைசி வரி முக்கியம். இன்றைக்கு எல்லா சில்லும் அப்படித்தான். விசிறி நின்றால் உடனே எரிந்து போவதில்லை, மெதுவாகிறது. எக்ஸெல் திறக்க இரண்டு நிமிடம், டேலியில் ஒரு வவுச்சர் போட அரை நிமிடம். பலர் இதை "லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு" என்று நினைத்து ஓரம் கட்டிவிடுகிறார்கள். வயசு ஆனது விசிறிக்கு மட்டும்தான்!

அந்த விசிறிக்குள் என்ன இருக்கிறது?

லேப்டாப்பில் சில்லின் மேல் நேராக விசிறி வைக்க இடம் கிடையாது. அதனால் சூட்டை ஒரு செம்புக் குழாய் மூலம் ஓரத்துக்குக் கொண்டு போகிறார்கள். இதுதான் ஹீட் பைப். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு கொஞ்சம் திரவம் வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் திரவம் ஆவியாகும், குளிர்ந்த முனைக்குப் போய் மறுபடி திரவமாகும், உட்புறச் சுவரில் இருக்கும் திரி போன்ற அமைப்பு வழியாகத் திரும்பி வரும். ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த காக்லர் என்பவர் இந்த யோசனைக்கு 1944-ல் காப்புரிமை பெற்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைத் தனியாக உருவாக்கி 'ஹீட் பைப்' என்று பெயர் வைத்தார். விண்வெளிக்காக வளர்ந்த சரக்குதான் இன்று நம் மடியில் இருக்கிறது.

குழாயின் அந்த முனையில்தான் நம் விசிறி. வீட்டு சீலிங் ஃபேன் மாதிரி நேராகக் காற்றைத் தள்ளாது. நடுவில் காற்றை உள்ளே இழுத்து பக்கவாட்டில் தள்ளும் ஊதுவிசிறி இது. பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடும். உள்ளே கார்பன் பிரஷ் கிடையாது. சுழலும் காந்தம் எங்கே இருக்கிறது என்று ஒரு குட்டி சென்சார் பார்த்துச் சொல்லும். 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த ஹால் விளைவுதான் அந்த சென்சாரின் அடிப்படை.

இதில் கெட்டுப் போவது பெரும்பாலும் பேரிங். விலை குறைந்த விசிறிகளில் புஷ் பேரிங் இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் சூட்டில் வற்றும். அப்புறம் 'கர்ர்'ரென்று சத்தம், அப்புறம் நின்று நின்று ஓடுவது, அப்புறம் மௌனம். இத்துடன் நம் ஊர்த் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி இருக்கும் வீட்டில் ஒரு லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு மெத்தை மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும்!

அளவு என்ற அதிசயம்

இனிதான் முக்கியமான இடம்.

1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் ஒரு கோரிக்கை வைத்தார். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டால் ஒரு போல்ட் இன்னொரு நட்டில் ஏறாது, எல்லோரும் ஒரே அளவு மரைக்கு வாருங்கள் என்றார். ரயில்வே கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. அதற்கப்புறம் போல்ட் என்பது எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருளாகிவிட்டது.

லாரியிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டாடா 1954-ல் பென்ஸ் கூட்டுறவில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. பல வருடங்களுக்கு நம் சாலைகளில் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்கள்தான். ஒரே மாதிரி வண்டி, நீண்ட காலம், பெரிய எண்ணிக்கை. அதனால் பாகம் செய்கிறவனுக்கு தைரியம் வந்தது. இன்று அச்சு போட்டால் பத்து வருடம் விற்கலாம் என்ற தைரியம். நாமக்கல்லில் பாடி கட்டும் தொழிலும் ஸ்பேர் கடைகளும் இந்த தைரியத்தின் மேல் நிற்பவை.

டெஸ்க்டாப்பிலும் அப்படித்தான். 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டு வந்தது. கேபினெட் விசிறி என்றால் 80, 92, 120 மில்லிமீட்டர் என்று சில அளவுகள்தான். பழைய கம்ப்யூட்டரின் 120 மில்லிமீட்டர் விசிறி நின்றால் எந்தக் கடையிலும் ஒன்று வாங்கி நான்கு ஸ்க்ரூ போட்டால் முடிந்தது.

லேப்டாப்புக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் வரவே இல்லை. காரணம் மெலிவு மோகம். 2008-ல் மேக்புக் ஏர் ஒரு தபால் உறையிலிருந்து வெளியே வந்தது. 2011-ல் இன்டெல் அல்ட்ராபுக் என்று ஆரம்பித்தது. எங்கே ஒரு மில்லிமீட்டர் மிச்சமோ அங்கே விசிறியைத் திணிக்க வேண்டிய நிலை. ஸ்க்ரூ துளை ஒரு மாடலில் மூன்று, இன்னொன்றில் நான்கு. ஒன்றில் காற்று இடப்பக்கம் போகும், இன்னொன்றில் வலப்பக்கம். ஒன்றில் மூன்று ஒயர், இன்னொன்றில் நான்கு. ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே பெயர், ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடலுக்கு வேறு விசிறி.

இத்தனைக்கும் பெரும்பாலான லேப்டாப் கம்பெனிகள் விசிறியைத் தாங்களே செய்வதில்லை. சுனான், டெல்டா, ஃபோர்ஸ்கான், ஏ.வி.சி. போன்ற தைவான் நிறுவனங்களிடம் வாங்குகிறார்கள். 1971-ல் தைவானில் தொடங்கிய அந்த டெல்டாவுக்கு நமக்குப் பக்கத்து கிருஷ்ணகிரியிலேயே தொழிற்சாலை இருக்கிறது. மின்சாதனங்கள் செய்கிறார்கள். உலகம் எவ்வளவு சின்னது பாருங்கள்!

மூன்று வருடத்தில் செத்துப் போகும் சொத்து

இப்போது நம் பாடம். 2013 கம்பெனிகள் சட்டம், இரண்டாம் அட்டவணை. சொத்துகளின் பயன்பாட்டு ஆயுள் அதில் இருக்கிறது. வாடகைக்கு ஓடும் லாரிக்கு 6 வருடம். டெஸ்க்டாப், லேப்டாப் போன்றவற்றுக்கு 3 வருடம்.

வருமான வரியில் கணினிக்கு தேய்மானம் முன்பு 60 சதவீதம். 2017-18 நிதியாண்டு முதல் 40 சதவீதம். 30,000 ரூபாய் லேப்டாப் ஒன்றைக் குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டுப் பார்ப்போம். முதல் வருட முடிவில் 18,000. அடுத்து 10,800. அடுத்து 6,480. நான்காம் வருடம் 3,888. ஐந்தாம் வருடம் 2,333 ரூபாய். இந்த நிலையில் விசிறிக்கும் கூலிக்கும் சேர்த்து ஆயிரம் சொச்சம் என்றால், கணக்குப் புத்தகத்தின்படி பாதி லேப்டாப்பின் விலை! எந்த அக்கவுன்டன்டும் "தூக்கிப் போடு" என்றுதான் சொல்வார்.

ஆனால் புத்தக மதிப்பும் பயன் மதிப்பும் ஒன்றா? வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளையிடம் இருப்பது அந்த ஒரு லேப்டாப்தான். அதற்கு மாற்றுச் செலவு 2,333 ரூபாய் இல்லை. புதிதாக வாங்க வேண்டிய முப்பதாயிரமோ நாற்பதாயிரமோதான். கம்பெனி கணக்கில் செத்துப் போன சொத்து, வீட்டில் படிப்பையே தாங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இது லட்சக்கணக்கான வீடுகளின் கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் மூலம் கொள்முதல். முதல் வருட இலக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல். லெனோவா, ஏசர், எச்.சி.எல். என்று பல பெயர்களில் வந்தன. 2019-20 வரையில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். அக்கா வாங்கியது தம்பிக்கு, தம்பியிடமிருந்து சித்தப்பா பெண்ணுக்கு என்று இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். என் வீட்டு லேப்டாப்புக்கு (கடையில் வாங்கியது, அரசு கொடுத்ததில்லை) விசிறி தேடி சேலத்தில் ஐந்தாறு கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் "சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வரவழைக்கணும், வந்தாலும் சேருமான்னு தெரியாது" என்ற ஒரே பதில். ஆனால் அரசு லேப்டாப்புக்கு என்று கேட்டால் பாதி கடைகளில் ஏதோ ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஏன்? ஒரே மாடல், ஒரே வருடம், லட்சக்கணக்கில். திரை உடைந்த ஒன்றிலிருந்து விசிறி, போர்டு போன ஒன்றிலிருந்து கீபோர்டு. யாரும் திட்டமிடாமலே இலவச லேப்டாப் நம் ஊரின் அசோக் லேலண்ட் ஆகிவிட்டது! எண்ணிக்கையும் ஒரே அளவும் சேர்ந்தால் பாகம் தானாக வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

(எனக்கு கடைசியில் கிடைத்தது. மூன்று வாரம் ஆனது. விசிறி 700 ரூபாய்.)

சட்டம் என்ன சொல்கிறது?

பாகத்தைக் கையில் வைத்திருப்பவன்தான் ராஜா என்பதை கார் கம்பெனிகள் எப்போதோ புரிந்துகொண்டன. வெளியே இருக்கும் மெக்கானிக்குக்கு உண்மையான ஸ்பேர் விற்காமல், தங்கள் சர்வீஸ் சென்டருக்கே வர வைத்தார்கள். சம்ஷேர் கட்டாரியா என்பவர் இதை எதிர்த்து இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் சொச்சம் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளால் விவகாரம் அப்புறம் நீண்டாலும், பாகத்தைப் பூட்டி வைப்பதும் போட்டிச் சட்டத்துக்கு எதிரானதாக இருக்கலாம் என்பது இந்தியாவில் அப்போதுதான் பலமாகச் சொல்லப்பட்டது.

மின்னணுப் பொருட்களுக்கு அந்தப் பேச்சு 2022-ல் வந்தது. அந்த ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி நிதி கரே தலைமையில் குழு அமைத்தது. டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் தொடங்கியது. ஆனால் இது தகவல் தரும் ஏற்பாடுதான். பாகம் கொடுக்காத கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும்போதே 'இதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம்' என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஸ்பேர் கிடைக்குமா, என்ன விலை என்பதும் அந்த மதிப்பெண்ணில் சேரும். வாங்கும்போதே தெரிந்துவிடும் அல்லவா? அதுதான் நமக்கு வேண்டியது.

கம்பெனிகள் நினைத்தாலும் முடியும். திங்க்பேட் லேப்டாப்களுக்கு ஒவ்வொரு ஸ்க்ரூ வரை கழற்றும் முறையும் பாகத்தின் எண்ணும் உள்ள கையேட்டை ஐ.பி.எம். காலத்திலிருந்தே பொதுவில் வைத்திருக்கிறார்கள். 2005-ல் லெனோவா வாங்கிய பின்னும் அது தொடர்ந்தது. 2021-ல் வந்த ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் லேப்டாப்பின் பாகங்களைத் தனித்தனியாகவே விற்கிறது. மெலிதாகவும் இருக்கலாம், கழற்றவும் முடியலாம்.

நம்மால் முடிந்தது

வரலாறு படித்தோம், சட்டம் படித்தோம். விசிறி தேடுகிறவருக்கு உருப்படியாக நாலு வார்த்தை:

1. முதலில் அது நிஜமாகவே கெட்டுப் போனதா என்று பாருங்கள். பல நேரம் தூசி எடுத்து, காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே போதும். ப்ளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

2. லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். விசிறியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் விசிறி செய்தவரின் எண் இருக்கும். அதை வைத்துத் தேடுங்கள். அதே விசிறி வேறு பெயருள்ள லேப்டாப்பிலும் இருக்கலாம், அப்போது தேடும் இடம் அகலமாகிறது.

3. ஒயர் எத்தனை, பிளக் எந்த வடிவம், ஸ்க்ரூ துளை எங்கே, காற்று எந்தப் பக்கம், வோல்ட் எவ்வளவு. ஐந்தும் சேர்ந்தால்தான் வாங்க வேண்டும். ஒயரில் ஒன்று விசிறி சுற்றும் வேகத்தை போர்டுக்குச் சொல்வது. அது வேலை செய்யாவிட்டால் சில லேப்டாப்கள் 'ஃபேன் எரர்' என்று சொல்லி ஆன் ஆகவே ஆகாது.

4. அதே மாடலில் செத்துப் போன லேப்டாப் யாரிடமாவது இருந்தால் எடைக்குப் போட விடாதீர்கள். அதுதான் உங்கள் ஸ்பேர் கடை.

கடைசியாக ஒன்று. வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறோம். எல்லோரிடமும் சேர்த்தால் லேப்டாப் பத்துப் பதினைந்து மாடலுக்குள்தான் வரும். யாரிடம் என்ன மாடல், விசிறி எண் என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், நாளைக்கு ஒருவருக்கு நின்று போகும்போது மூன்று வாரம் அலைய வேண்டாம். விட்வொர்த் ஒரு நாட்டுக்கே செய்ததை நம்மால் ஒரு வகுப்புக்கு செய்ய முடியாதா என்ன? சர்வீஸுக்குத் திறக்கும்போது அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மீதியை காலேஜ் திறந்ததும் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த பதிவில் ஜவ்வரிசி பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். அதுவரை லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீர்கள் மக்களே :-)